சொந்தத் தொழில் தொடங்குபவர்க்கு மருத்துவக் காப்பீட்டுச் செலவைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி:
சென்னையில் பார்த்துவந்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, நண்பர் ஒருவருடன் சேர்ந்து கோவையில் சிறு நிறுவனம் தொடங்க இருக்கிறேன். இதுவரை அலுவலகக் குழுக் காப்பீட்டில் நான், மனைவி, மகள், 66 வயதான தந்தை ஆகிய நால்வரும் இருந்தோம். தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. நால்வரையும் ஒரே ஃபேமிலி ஃபுளோட்டரில் (குடும்பத்தார் அனைவருக்கும் பொதுவான ஒரே காப்பீட்டுத் தொகை கொண்ட பாலிசியில்) சேர்த்து 10 லட்சம் ரூபாய்க்கு பாலிசி கேட்டால், வருமானம் தொடங்காத முதல் ஆண்டில் தாங்க முடியாத பிரீமியத்தைச் சொல்கிறார்கள். புதிய நிறுவனத்தின் பெயரிலேயே குழுக் காப்பீடு எடுக்கலாமா?

மறுமொழி 1:
இருவர் மட்டுமே உள்ள நிறுவனத்துக்கு அது கைகூடுவது கடினம். பல காப்பீட்டு நிறுவனங்கள் குறைந்தது 7 பேரையாவது எதிர்பார்க்கின்றன. மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, குழு பாலிசிகளுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. தந்தைக்குத் தனி பாலிசி எடுங்கள். ஃபுளோட்டரில் மூத்தவரின் வயதைக் கொண்டே பிரீமியம் பெரும்பாலும் தீர்மானிக்கப்படுவதால், அவரைப் பிரித்தாலே மற்ற மூவருக்கான தொகை நன்றாகக் குறையும். அந்த மூவருக்கும் 5 லட்சத்துக்கு அடிப்படை பாலிசியும், அதற்கு மேற்பட்ட செலவுக்கு சூப்பர் டாப்-அப்பும் எடுப்பது, ஒரே பெரிய பாலிசியைவிடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும். வெறும் டாப்-அப் வேண்டாம். செலவு 5 லட்சத்தைத் தாண்டியதா என்று பார்க்க அது ஒவ்வொரு மருத்துவமனைச் சேர்க்கையையும் தனித்தனியாகக் கணக்கிடும், சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவைக் கணக்கிடும்.

மறுமொழி 2:
விலை குறைந்த பாலிசிகளில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை வித்தியாசம் மட்டும் நம் தலையில் விழுவதில்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைத்தே தருவார்கள் என்பதால், அவற்றிலும் பாதியை நாமே கட்ட நேரும். பிரீமியத்தில் மிச்சப்படுத்தியது ஒரே பில்லில் போய்விடும். தந்தையின் பாலிசிக்கு, செலவில் ஒரு பங்கை நாமே ஏற்கும் கோ-பே நிபந்தனையைச் சம்மதிப்பது அதைவிட மேல், ஏனெனில் நம் பங்கு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தந்தையின் சர்க்கரை நோயை விண்ணப்பத்தில் குறிப்பிடாவிட்டால் பிரீமியம் குறையும் என்று முகவர் ஒருவர் சொல்கிறாரே?

மறுமொழி 3:
அதை மட்டும் செய்யாதீர்கள். மறைத்தது தெரிந்தால் கோரிக்கையை நிராகரிப்பதோடு பாலிசியையும் ரத்து செய்யலாம்; தொடர்ச்சியாக 60 மாதங்கள் பிரீமியம் கட்டிய பிறகு, மறைத்ததாகச் சொல்லிப் பொதுவாக நிராகரிக்க முடியாது என்றாலும், மோசடி என்று நிறுவப்பட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. உள்ளதைச் சொன்னால், முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கான செலவைக் காப்பீடு ஏற்காத தொடக்கக் காலம்) அதிகபட்சம் 36 மாதங்கள்தான். அதையும் குறைக்க வழியுண்டு: பணிவிலகல் நடைமுறைக்கு வரும் முன்பே, இப்போதைய குழு பாலிசியை வழங்கும் அதே நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால், குழுவில் தொடர்ந்து இருந்த காலம் இந்தக் காத்திருப்பில் கழிக்கப்படும். குழுவில் சேர்ந்த தேதியைக் காட்டும் சான்றிதழை மனிதவளப் பிரிவிடம் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.