300 பிரவேயில் 200 கி.மீ. தாண்டியதும் கால் நின்றுவிட்டது: ஜெல், மாத்திரை எல்லாம் எடுத்தும் ஏன்?

மெதுவண்டி:

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன் சென்னை–புதுச்சேரி–சென்னை 300 பிரவே (கெடு நேரத்துக்குள் 300 கி.மீ. முடிக்க வேண்டிய சைக்கிள் சவாரி) ஓட்டினேன். சரியாகச் சொன்னால் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டினேன். இதற்கு முன் இரண்டு 200 முடித்திருக்கிறேன், இரண்டும் 11 மணி நேரத்துக்குள். அதனால் 300-க்குத் தரும் 20 மணி நேரம் தாராளம் என்று நினைத்துவிட்டேன்.

திரும்பும்போது மரக்காணம் உப்பளம் வரை ஒன்றும் தெரியவில்லை. கடப்பாக்கம் பக்கம், ஏறக்குறைய 200 கி.மீ.யில், எல்லாம் அணைந்தது. வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, ஆனால் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கண் கூசியது. கூட வந்தவர் "வாங்க போகலாம்" என்றதற்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன், பாவம். ஒரு நிழற்குடையில் உட்கார்ந்தவன் எழவே இல்லை. அப்போது மாலை ஐந்தரை. கெடு இரவு 2 மணி வரை இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். காலை நாலரைக்கு இரண்டு இட்லி, காபி. வண்டியில் 4 ஜெல் (பாக்கெட்டைக் கிழித்து உறிஞ்சும் இனிப்புப் பாகு), 2 எனர்ஜி பார், 3 ஏலக்கி வாழைப்பழம், 2 இளநீர். தண்ணீரில் எலக்ட்ரோலைட் மாத்திரை போட்டு 7 பாட்டில் குடித்தேன், அதில் குறையே வைக்கவில்லை. புதுச்சேரியில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை, மோர் மட்டும்.

அடுத்து 400 பதிவு செய்திருக்கிறேன். எந்த பிராண்டுக்கு மாறலாம்?

பின்சக்கரம்:

பிராண்டை விடுங்கள், முதலில் கூட்டிப் பார்ப்போம்.

ஜெல் ஒன்றில் 22 கிராம் கார்ப் (மாவுச்சத்து, சர்க்கரை) என்று வைத்தால் 88. பார் இரண்டும் சேர்த்து 50. ஏலக்கி சின்னப் பழம், மூன்றுக்கும் 45. இளநீர் இரண்டுக்கு 20. மொத்தம் 203 கிராம். பத்தரை மணி நேரம் பெடல் சுற்றியிருப்பீர்கள் என்றால் மணிக்கு 19 கிராம். கலோரியாகப் பார்த்தாலும் பாரில் உள்ள கொழுப்பு எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை.

செலவு எவ்வளவு? நிதானமாக 110 வாட்ஸில் ஓட்டினாலே மணிக்கு ஏறக்குறைய 400 கலோரி. பத்தரை மணி நேரத்துக்கு 4200. உடம்பு கொழுப்பிலிருந்து ஒரு பங்கைத் தரும், தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் 1600 முதல் 2000 கலோரி வரை தரும். அதனால்தான் 200 தப்பியது. உங்கள் இரண்டு 200-உம் சேமிப்பைக் கரைத்து ஓட்டியவை. 300-இல் அது தீர்ந்தது. இதைத்தான் சைக்கிள்காரர்கள் 'பாங்க்' (bonk) என்பார்கள். கணக்கில் காசில்லாமல் செக் திரும்பி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த 7 பாட்டில். எலக்ட்ரோலைட் மாத்திரையில் சோடியம் இருக்கும், கலோரி பெரும்பாலும் 10-ஐத் தாண்டாது. எலுமிச்சை வாசனை, குமிழி, லேசான இனிப்பு எல்லாம் சேர்ந்து ஏதோ சாப்பிட்டுக்கொண்டே இருப்பதாக மனசை ஏமாற்றும். அது உப்புத் தண்ணீர். நல்ல உப்புத் தண்ணீர், அவ்வளவுதான். ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அது வயிற்றுப்போக்குக்கு மருந்து, பயணத்துக்குச் சாப்பாடு இல்லை.

இலக்கு மணிக்கு 60 கிராம். முதல் மணியிலிருந்தே. பசித்த பிறகு ஆரம்பித்தால் துரத்திப் பிடிக்க முடியாது.

நெய்முறுக்கு:

கார்பே வேண்டாம் தோழர்களே. ஆறு வாரம் கொழுப்புக்குப் பழக்கினால் நெய்யிலேயே 600 போகலாம்.

பின்சக்கரம்:

போகலாம், மெதுவாக. அவர் 400 அடுத்த மாதம் ஓட்டுகிறார், ஆறு வாரம் கையில் இல்லை.

உப்புக்காற்று:

தம்பி, கணக்கு சரிதான். ஆனால் அந்த 60 கிராம் எட்டாவது மணியில் எப்படி உள்ளே போகும் என்று யாரும் சொல்லவில்லை. மதியச் சாப்பாடு இறங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காலையிலிருந்து ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, மாம்பழம் என்று இனிப்பாகவே உறிஞ்சினால் திகட்டாமல் என்ன செய்யும்? எனக்கு முதல் 300-இல் ஜெல் பாக்கெட்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டாலே குமட்டியது.

இன்னொன்று, பாக்கெட்டிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 400-க்கு 27 மணி நேரம். மணிக்கு 60 என்றால் ஒரு கிலோ அறுநூறு கிராம் கார்ப். அதைச் சுமந்துகொண்டு போக முடியாது. கடைதான் துணை.

நான் செய்வது இது. ஜெர்சி பாக்கெட்டில் ஜிப் கவரில் பொடி இட்லி, நல்லெண்ணெய் குறைவாக. கையளவு இட்லி ஒன்றில் 10–12 கிராம் கார்ப் வரும், உப்பும் இருக்கிறது. வேகவைத்த உருளை, உப்பு தூவியது. கன்ட்ரோலில் (வழியில் நேரம் பதியும் இடம்) தயிர்சாதம் அரை தட்டு, ஊறுகாய். டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, நான்கு பொறை. கோலா கிடைத்தால் 250 மில்லி பாட்டிலில் 26 கிராமுக்குப் பக்கம் சர்க்கரை, அதாவது ஒரு ஜெல், விலையில் கால்வாசிகூட வராது. புதுச்சேரியில் பரோட்டா, சால்னா கூப்பிடும், தொடாதீர்கள். அந்த எண்ணெய் வயிற்றைவிட்டு நகர நேரமாகும்.

மெதுவண்டி:

19 கிராமா! அலமாரியைத் திறந்து எல்லா லேபிளையும் இன்றுதான் படித்தேன். மாத்திரைக் குழலில் "ஆற்றல் 8 கிலோகலோரி" என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. ஏழு பாட்டிலுக்கு 56. ஒரே ஒரு ஏலக்கியோடு போட்டி போடலாம்.

ஒரு குழப்பம். வீட்டில் ஒரு கார்ப் பொடி டப்பா இருக்கிறது. ஒரு பயிற்சி சவாரியில் நான்கு ஸ்கூப் ஒரே 600 மில்லி பாட்டிலில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பி, கோவளம் தாண்டி ஓரமாக நிறுத்தி வாந்தி. அதிலிருந்து அந்த டப்பாவைத் தொடவில்லை. எனக்கு ஒத்துக்கொள்ளாத பொருளோ?

பின்சக்கரம்:

டப்பாவில் சர்விங் (ஒரு தடவைக்கான அளவு) எத்தனை கிராம் என்று பாருங்கள்.

மெதுவண்டி:

2 ஸ்கூப் 60 கிராம் என்று இருக்கிறது. நான் ஒரு ஸ்கூப்தான் சர்விங் என்று நினைத்திருந்தேன்.

பின்சக்கரம்:

அப்போது 120 கிராமை 600 மில்லியில் கரைத்திருக்கிறீர்கள். 20 சதவீதம், பாகு. வயிறு சுலபமாகக் குடலுக்குத் தள்ளுவது 6 முதல் 8 சதவீதக் கரைசலை. அதைவிடக் கெட்டியானால் அங்கேயே தேங்கும், குடலுக்குப் போனாலும் உடம்பிலுள்ள தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். நம் வெயிலில் இன்னும் மோசம்: ரத்தம் தோலைக் குளிரவைக்கவும் காலுக்கும் ஓடிவிடும், வயிற்றுக்குக் கிடைப்பது மிச்சம்தான். பொடிமேல் பழி போடாதீர்கள்.

டப்பா தீர்ந்ததும் வீட்டிலேயே கலக்கலாம். குளுக்கோஸையும் மால்ட்டோடெக்ஸ்ட்ரினையும் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) குடல் ஒரே வாசல் வழியாக உள்ளே எடுக்கிறது, அதற்கு மணிக்கு 60 கிராமுக்குப் பக்கம் எல்லை. பிரக்டோஸுக்கு (பழச்சர்க்கரை) வாசல் வேறு. இரண்டையும் 2-க்கு 1 என்று கலந்தால், பழகிய வயிறு 90 வரை தாங்கும். சமையலறைச் சர்க்கரை என்பதே பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். எனவே 40 கிராம் சர்க்கரை, 20 கிராம் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்தால் அதே 2-க்கு 1 வந்துவிடும். 700 மில்லி தண்ணீர், கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு, அரை எலுமிச்சை. 240 கலோரி. இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். ஜெல் எடுத்தால் அதைக் குடியுங்கள்.

90-க்கு இப்போதே போகாதீர்கள். 40-இல் தொடங்கி வாரம் ஒரு சவாரியில் ஏற்றுங்கள்.

இரவுச்சவாரி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் எடுக்கிறேன். இந்தக் கலவை எனக்கும் சரிவருமா?

உப்புக்காற்று:

ஐயா, இதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஓட்டும் நேரம், மாத்திரை நேரம் இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். இங்கே கிடைக்கும் அளவை வைத்து முயற்சி செய்யவேண்டாம்.

மெதுவண்டி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நேற்று சோதனைக்காக கடப்பாக்கம் வரை போய்த் திரும்பினேன், 200 கி.மீ.

சமையலறைத் தராசில் நிறுத்துக் கட்டிய சர்க்கரைக் கலவைப் பொட்டலம் ஐந்து. ஹேண்டில்பாரில் போன், இருபது நிமிடத்துக்கு ஒரு மணி. மணி அடித்தால் பசி இருக்கிறதோ இல்லையோ நாலு மடக்கு அல்லது அரை இட்லி. முதல் மணி நேரத்தில் இது அபத்தமாகத்தான் இருந்தது, வீட்டில் சாப்பிட்ட இட்லியே ஜீரணமாகியிருக்காது. அதே நிழற்குடையில் வேண்டுமென்றே உட்கார்ந்து மூன்று பொடி இட்லி சாப்பிட்டேன்.

மொத்தம் 460 கிராம், ஒன்பதேகால் மணி நேரத்துக்கு. மணிக்கு ஏறக்குறைய 50. 60 வரவில்லை, நடுப்பகல் வெயிலில் இரண்டு மணியைக் கேட்டும் கேட்காததுபோல் விட்டுவிட்டேன். ஆனால் கடைசி 40 கி.மீ. முதல் 40-ஐவிட இரண்டு நிமிடம்தான் கூடுதல். யார்மேலும் எரிந்து விழவில்லை, தனியாகத்தான் போனேன் என்பது வேறு விஷயம்.

வழியில் ஒரு கூத்து. சோதனைச் சாவடியில் புதுச்சேரி பாட்டில் தேடிக்கொண்டிருந்த காவலர், என் பையில் ஜிப் கவரில் வெள்ளைப் பொடியைப் பார்த்து முகம் மாறினார். சர்க்கரை சார், உப்பு சார் என்று நான் சொல்லச் சொல்ல இன்னும் மாறியது. கடைசியில் அவர் எதிரிலேயே கலக்கிக் குடித்துக் காட்டினேன். "இதுக்கு ஒரு ஜூஸ் குடிச்சிருக்கலாமே தம்பி" என்றார். தப்பில்லாத யோசனை.

400-இல் இரவு முழுக்க ஓட்டம். அந்த நேரத்துக்கும் பொடி இட்லியே போதுமா?

பின்சக்கரம்:

50 நல்ல எண், அதிலேயே 400 முடியும். பொட்டலத்தின்மேல் பேனாவால் கிராமை எழுதிவிடுங்கள், காவலருக்கும் உதவும். இரவில் இரண்டு மணிக்குக் கடை இருக்காது, கடைசி டீக்கடையிலேயே பன், பழம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உப்புக்காற்று:

போதும் தம்பி, ஆனால் இரவுப் பங்குக்கு மிளகாய் போடாத பொடியாகத் தடவச் சொல்லுங்கள். 250 தாண்டும்போது வெயிலிலும் காற்றிலும் உதடு வெடித்திருக்கும். எரிகிற எரிச்சலில் இரண்டாவது இட்லியை நாய்க்குப் போட்டுவிட்டு வந்தவள் நான்.