ஆச்சி வீட்டு வாஷிங் மெஷின்

குழு: கல்லிடைச் சொந்தங்கள்

வெள்ளி

கல்லிடை சித்தப்பா: (படம்) திங்கட்கிழமை வெள்ளையடிக்க ஆள் வருகிறது. பின்கட்டில் கிடக்கிற இந்தப் பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷினைப் பழைய இரும்பு வாங்குகிற ஆக்கர் கடையில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். யாருக்காவது வேண்டுமா?

சென்னை அக்கா: இது இன்னும் இருக்கிறதா சித்தப்பா! நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது வாங்கியது.

பாளை பெரியப்பா: தம்பி, போட்டுவிடாதே. நான் எடுத்துக்கொள்கிறேன். பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

கல்லிடை சித்தி: அத்தான், அதில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறது. அதனால்தான் ஒதுக்கி வைத்தோம். பிள்ளைகள் ஓடித் திரிகிற வீடு.

பாளை பெரியப்பா: ஒதுக்கி வைத்தது நல்லது. யாரும் பிளக்கைச் சொருக வேண்டாம். ஷாக் அடிக்கிறது என்றால் உள்ளே எங்கேயோ கரண்ட் பாடிக்குக் கசிகிறது. ஸ்பின் தொட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் சீல் உண்டு. அது கிழிந்தால் தண்ணீர் நேராக மோட்டார் மேல் சொட்டும். அது மெஷினின் கோளாறு, சரி செய்துவிடலாம். ஆனால் எனக்குப் பயம் வேறு. எர்த் சரியாக இருந்தால் கசிகிற கரண்ட் அந்த வழியாகப் போயிருக்கும், உங்கள் கையில் இப்படி அடித்திருக்காது. புது மெஷினும் அதே பாயிண்டில்தானே ஓடுகிறது?

கல்லிடை சித்தப்பா: ஆமாம் அண்ணே, அதே பாயிண்ட்தான்.

பாளை பெரியப்பா: அப்படியென்றால் எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிடு. பிளக்கில் மூன்றாவது பின் இருந்தால் போதாது, அந்த வயர் எர்த் குழி வரைக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லு. கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். அதுவரை புது மெஷினையும் ஓட்ட வேண்டாம்.

கல்லிடை சித்தி: சரி அத்தான். சாயங்காலம் வரச் சொல்லிவிட்டோம்.

சென்னை அக்கா: பெரியப்பா, ஒன்று கேட்கட்டுமா? உங்கள் வீட்டுச் சாய்ப்பில் ஏற்கெனவே மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. இன்னும் எதற்கு?

பாளை பெரியப்பா: கேளு தாயி. இந்த மாதிரி மெஷினின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருக்கிற எல்லாமே கண்ணுக்குத் தெரியும். துவைக்க ஒரு மோட்டார், பிழிய ஒரு மோட்டார், ஒரு பெல்ட், மோட்டாரைக் கிளப்பிவிட ஒரு கெபாசிட்டர், மேலே இரண்டு டைமர். அந்த டைமர் கடிகாரம் மாதிரி ஸ்பிரிங்கில் ஓடுவது, அதற்குக் கரண்டே தேவையில்லை. துவைத்துக்கொண்டு இருக்கும்போது கரண்ட் போனாலும் டைமர் மட்டும் டிக் டிக் என்று ஓடி, மணி அடித்து நிற்கும். நினைவிருக்கிறதா?

சென்னை அக்கா: ஆமாம்! ஆச்சி மணிச் சத்தம் கேட்டு எழுந்து வருவார்கள், துணி அப்படியே ஊறிக் கிடக்கும்.

பாளை பெரியப்பா: அதேதான். துவைக்கிற மோட்டார் ஒரு தடவை வலப்பக்கம், ஒரு தடவை இடப்பக்கம் சுற்றுகிறதே, அதையும் அந்த டைமர்தான் செய்கிறது. மோட்டாரில் ஒரே மாதிரி இரண்டு சுருள் இருக்கும். கெபாசிட்டரை ஒரு சுருளிலிருந்து மற்றதற்கு மாற்றிக் கொடுத்தால் மோட்டார் திசை மாறும், அவ்வளவுதான். சிப்பும் இல்லை, போர்டும் இல்லை. இப்போது வருகிற மெஷினில் போர்டு போய்விட்டால், அந்த மாடலுக்கு போர்டு வருவது நின்றுபோயிருந்தால், நல்ல மோட்டாரும் நல்ல தொட்டியும் சேர்ந்து இரும்புக்கடைக்குப் போகின்றன. எனக்கு அது மனசு ஆறவில்லை. இதையெல்லாம் நான் அலங்காரத்துக்குச் சேர்க்கவில்லை. சாய்ப்பில் நிற்கிற ஒவ்வொன்றிலும் முறை வைத்து எங்கள் வீட்டுத் துணியைத் துவைக்கிறோம். ஓட்டாமல் வைத்தால் ரப்பர் இறுகி வெடித்துவிடும்.

திசையன்விளை மச்சான்: மாமா, துணியை நடுவில் விட்டுப் பிழிகிற ரோலர் வைத்த அந்த மெஷினிலுமா துவைக்கிறீர்கள்?

பாளை பெரியப்பா: அதிலும்தான் மருமகனே. சட்டைப் பொத்தானை உள்பக்கமாக மடித்துக் கொடுத்தால் உடையாது. ஆனால் சேலை முந்தானையோ விரலோ ரோலரில் மாட்டினால் இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் உன் அத்தையை அதன் பக்கம் விடுவதில்லை, நானே பிழிகிறேன். 1948ல் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில், மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரில் ஹூவர் கம்பெனி ஆலை திறந்து செய்ததும் இப்படித்தான், கையால் சுற்றிப் பிழிகிற ரோலர் வைத்தது. அமெரிக்காவில் கரண்ட் இணைப்பே இல்லாத பண்ணை வீடுகளுக்கு மேடாக் கம்பெனி பெட்ரோல் இன்ஜின் வைத்தே மெஷின் விற்றது. ஸ்கூட்டர் போலக் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்தக் கம்பெனி ரோலர் மெஷின் செய்வதை நிறுத்தியது 1983ல்தான்.

சென்னை அக்கா: அவ்வளவு நாளா!

பாளை பெரியப்பா: மக்கள் விடவில்லை தாயி, நன்றாக உழைத்தது. கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற ஊரில் ஒருவர் ஆயிரத்துக்கு மேல் பழைய மெஷின்களைச் சேர்த்து அருங்காட்சியகமே வைத்தார். நம் பக்கத்து மெஷின்களுக்கு அப்படி யாரும் இல்லை. வேர்ல்பூல் முதலில் இந்தியாவுக்கு வந்தது டிவிஎஸ் குழுமத்தோடு சேர்ந்து, பாண்டிச்சேரியில் ஆலை வைத்துத்தான். அந்தக் கூட்டுப் பெயர் போட்ட மெஷின் ஒன்று கிடைக்குமா என்று ஒவ்வொரு ஆக்கர் கடையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். யார் கண்ணில் பட்டாலும் சொல்லுங்கள்.

திசையன்விளை மச்சான்: இங்கே ஒரு கடையில் பார்த்த ஞாபகம், விசாரிக்கிறேன் மாமா. எனக்கும் ஒரு சந்தேகம். எங்கள் போர் தண்ணீரில் நுரையே வருவதில்லை, வெள்ளை வேட்டி பழுப்பாகிறது. மெஷினை மாற்றினால் சரியாகுமா?

பாளை பெரியப்பா: மெஷின் என்ன செய்யும்? தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கலந்திருக்கின்றன. கட்டி சோப்பு அதோடு சேர்ந்து திரிதிரியாகத் துணியில் படியும். நமக்குத் தாமிரபரணித் தண்ணீர், கவலை இல்லை. நீ பவுடர் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் வாஷிங் சோடா கரைத்து ஓட்டிப் பார். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் வேண்டாம். செமி ஆட்டோமேட்டிக்கில் உனக்கு இன்னொரு லாபம், ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, அப்புறம் கலர், கடைசியில் கால்மிதி. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம்.

அம்பை அத்தை: அண்ணே, நான் இப்போதுதான் எல்லாம் படித்தேன். அந்த மெஷினை எனக்குத் தர முடியுமா? அப்பளம் காயப்போடுகிற வேட்டிகளைச் சோப்பு வாசமே இல்லாமல் வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். புது மெஷின் எடுக்கிற தண்ணீர் போதவில்லை, மாவு முழுதாகப் போவதில்லை. நமக்கு வேண்டிய அளவு தண்ணீர் விட்டு அலசுகிற மாதிரி ஒன்று வேண்டும்.

பாளை பெரியப்பா: உனக்கு இல்லாததா! நான் சரி செய்து தருகிறேன். என் சாய்ப்பில் நிற்பதைவிட உன் வீட்டில் தினமும் ஓடினால் எனக்குச் சந்தோஷம்.

கல்லிடை சித்தி: ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். "ஆற்றில் உவர்மண் போட்டுத் துவைத்த கைக்கு முதன்முதலாக ஓய்வு கொடுத்த மெஷின், மகளுக்கே போகட்டும்" என்கிறார்கள்.

ஞாயிறு

பாளை பெரியப்பா: (படங்கள்) லோடு ஆட்டோவில் நேற்றே வந்து சேர்ந்தது, இன்று பிரித்துவிட்டேன். நினைத்தபடி ஸ்பின் சீல் கிழிந்திருக்கிறது. ஸ்பின் மோட்டாரை 500 வோல்ட் மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீட்டர்) வைத்துப் பார்த்தால் ஒரு மெகா ஓமுக்கும் கீழே காட்டுகிறது, அதாவது கசிகிறது. கழற்றி வெயிலில் வைத்திருக்கிறேன். காய்ந்தும் அந்த அளவு ஏறவில்லை என்றால் மோட்டார் சுருள் கட்டுகிற கடைக்குப் போக வேண்டும். துவைக்கிற மோட்டார் முனகியது, சுற்றவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் ஒரு சுற்று விட்டதும் ஓடியது. அது கெபாசிட்டர் கோளாறுதான்.

திசையன்விளை மச்சான்: கெபாசிட்டரை நானே மாற்றலாமா மாமா? எங்கள் மெஷினும் அப்படித்தான் முனகுகிறது.

பாளை பெரியப்பா: மாற்றலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும். ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் இரண்டு முனையில் வைத்து இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். மேலே எழுதியிருக்கிற மைக்ரோ ஃபாரட் அளவிலேயே புதிதும் வாங்கு, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அம்பை அத்தை: அண்ணே, பழைய மோட்டார் தாங்குமா? ஸ்பின் ரொம்ப வேகமாகச் சுற்றுமே.

பாளை பெரியப்பா: தாங்கும். நிமிடத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் போகும், அதனால் பிரேக் கட்டையும் புதிதாகப் போடுகிறேன். மூடியைத் திறந்தால் சில விநாடியில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் உன்னிடம் தரமாட்டேன். ஜமுக்காளம் மட்டும் போடாதே, நனைந்தால் அந்தக் கனம் தொட்டிக்கு ஆகாது. துவைக்கிற தொட்டி நிறையத் துவைத்தாலும் ஸ்பின்னில் பாதிப் பாதியாகப் போடு, சுற்றிலும் சமமாக அமுக்கி வை.

கல்லிடை சித்தப்பா: அண்ணே, எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டார். நீங்கள் சொன்னது சரி, எர்த் வயர் பாதி வழியிலேயே அறுந்து கிடந்தது. புது வயர் இழுத்து ஆர்சிசிபியும் போட்டாயிற்று.

பாளை பெரியப்பா: நல்லது தம்பி. அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார். தங்கச்சி, உன் வீட்டில் மெஷின் வைக்கப்போகிற இடத்தின் பிளக் பாயிண்டைப் படம் எடுத்து அனுப்பு.

அம்பை அத்தை: (படம்) இதுதான் அண்ணே. பின்வாசல் பக்கம்.

பாளை பெரியப்பா: மழைச் சாரல் அடிக்கிற இடம். உள்பக்கச் சுவருக்கு மாற்றச் சொல்லு, மாற்றியதும் மெஷினைக் கொண்டு வருகிறேன்.