இலங்கை மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து (சிவன் எரித்த மதன் ரதிக்காக உயிர்பெறுகிற கதையை ஆடுவது) நடக்கிற மாசியில், வெயில் சூட்டை நம்பி வீடு கட்டியவர்கள் இருக்கிறீர்களா?

பொகவந்தலாவைக்காரன்:
மாசியை விட்டால் மழை பிடித்துவிடும், நம் பக்கம் கட்டட வேலைக்கு வேறு மாதம் ஏது. 7 பேர்ச் காணி, 550 சதுர அடி வீடு. கிழக்கே பெரிய கண்ணாடி, அதற்கு நேரே உள்ளே கருங்கல் சுவர். காலை வெயிலைச் சுவர் வாங்கி வைத்து ராத்திரியில் விடும். லயத்துக் காம்பராவில், அதுதான் தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அம்மா குளிர் தாங்காமல் அடுப்படியிலேயே படுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் இந்த வீட்டில் எனக்கு ஒரு வெறி.

வீடு கட்டிய மேசன், எங்கள் பாஸ்தான் தோட்டத்தில் மதன் வேஷம் கட்டுபவர். மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றிக் காப்புக் கட்டியதும் பாதி நாள்தான் வேலைக்கு வந்தார், ராத்திரியெல்லாம் ஆட்டம். கண்ணாடி மட்டும் பாக்கி. "வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் ஹட்டனிலிருந்து வேறு ஆள் கொண்டுவருவேன்" என்று அவர் மகன் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவர் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எரிக்கிற ராத்திரி ரதியும் மதனும் வீடு வீடாக வந்தார்கள், என் வீட்டுக்கும். திறந்து கிடந்த வாசல். தப்பு மேளம் நின்றது. மனைவி ஆரத்தி எடுத்தாள். அரிதாரத்துக்குள் இருந்த அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, கண்ணாடி இல்லாத அந்த ஓட்டையைப் பார்த்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எரியப்போகிற மதன், என் வீட்டில் பனி நுழைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

ராகலைத் தம்பி:
அண்ணே, என் கதை சின்னது. யாரோ காட்டிய குளிர்நாட்டு வீட்டுப் படத்தைப் பார்த்துத் தெற்கே கண்ணாடி வைத்தேன். கூத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஹாலில் படுத்து விடியவிடிய நடுங்கினார்கள். சின்னப் பிள்ளை ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கி வைத்திருந்தோம்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் இருப்பது வடக்கே 7 பாகையில். டிசம்பரில்கூட நடுப்பகல் சூரியன் 60 பாகை உயரத்தில் நிற்கும், ஜூனில் தலைக்கு வடக்கே போய்விடும். தெற்குக் கண்ணாடியில் வெயில் மேலிருந்து சரிந்துதான் விழும், உள்ளே அதிகம் வராது. நுவரெலியாப் பக்கம் மாசியில் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மத்தியானத்துக்கு மேல் மூட்டம். ஆக, கிழக்குத்தான் சரி. தகரத்துக்கு அடியில் சீலிங் அடிக்காவிட்டால் பகலில் சேர்ந்த சூடு கூரை வழியே போய்விடும். கொழுந்தைக் கருக்குகிற பனி விழுவது மூட்டமில்லாத ராத்திரியில்தானே, அன்றைக்குத்தான் வீடும் அதிகம் குளிரும். பொழுது சாய்ந்ததும் கண்ணாடிக்குக் கனத்த திரை இழுத்துவிடுங்கள். கதவிடுக்கை அடையுங்கள், கருங்கல் எவ்வளவு சூட்டை வைத்திருந்தாலும் காற்று கொண்டுபோய்விடும். முக்கியமாக, வெயில் வேண்டுமென்று பின்பக்க மண்மேட்டை வெட்டாதீர்கள். 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் கேட்டுவிட்டே சரிவில் கை வையுங்கள்.

இன்னொன்று. பாஸ் மதன் வேஷம் கட்டுபவர் என்று தெரிந்தே வேலை கொடுத்தீர்கள். தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கியிருக்க வேண்டும்.

அக்கரப்பத்தனை அக்கா:
தம்பி, தையில் தொடங்கு என்று சொல்வது லேசு. சீட்டுக்காசு கைக்கு வருகிற மாதம்தான் நமக்கு முகூர்த்தம். அவர் கேட்டது அனுபவத்தை, நீங்கள் சீலிங் வரைக்கும் போய்விட்டீர்கள்.

நாங்கள் ஸ்தோப்பை, அதுதான் முன் வராந்தாவை, அடைத்துக் கண்ணாடி போட்டோம். கிழக்குப் பார்த்த ஸ்தோப்பு, காலை 10 மணிக்கெல்லாம் கம்பளி தேவையில்லை. மாமியாருக்கு மூட்டுவலிகூடக் குறைந்தது. ஆனால் ரதி மதன் வந்து நிற்கிற இடம் அந்த ஸ்தோப்புதான் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அந்த வருஷம் தப்புச் சத்தம் நெருங்கி வர, மாமி சொம்புத் தண்ணீரோடு உள்ளே நிற்கிறார், ரதி வெளியே நிற்கிறாள். நடுவில் கண்ணாடி. தாழ்ப்பாள் பனியில் இறுகிப்போய்த் திறக்க வரவில்லை. ரதி வேஷம் போட்ட பையன் மூச்சு வாங்க வாங்க, கண்ணாடியில் அவன் முகத்தளவுக்கு ஆவி படிந்தது. மாமி அதை இந்தப் பக்கமிருந்து கையால் துடைக்கத் துடைக்கப் போகவில்லை. ஆவி வெளியேதான் இருந்தது.

பின்பக்கமாகச் சுற்றி ஓடிப்போய்க் கால் கழுவிவிட்டோம். இரண்டு நாள் மாமி ஸ்தோப்பில் உட்காரவே இல்லை. பிறகு சட்டத்தை மடக்கித் திறக்கிற மாதிரி மாற்றினோம். விளிம்பில் காற்று வருகிறது, முன்னைப்போலச் சூடு நிற்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அண்ணன், உங்கள் பாஸ் திரும்பி வந்தாரா?

பொகவந்தலாவைக்காரன்:
வந்தார் அக்கா. மூன்றாம் நாள் மதனை உயிர்ப்பித்துக் காப்புக் கழற்றிய மறுநாள் காலை, மகனையும் கூட்டிக்கொண்டு. காதோரம் அரிதாரம் முழுக்கப் போகவில்லை. கண்ணாடியை வைத்து, இடுக்கில் பனி வராதபடி இரண்டு தரம் புட்டிப் பசை பூசினார். சாயந்தரம் கருங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு பிடிச்சிருக்கு சார்" என்றார். அதற்கு முன்னால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.