கனகாம்பரத்துக்கு மட்டும் நிறம்: கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு கலரை விட்டுவைக்கலாமா?

பூச்சந்தை:
போன ஞாயிறு விடியற்காலை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் எடுத்த படம் ஒன்றை மேலே போட்டிருக்கிறேன். பூக்கட்டும் பாட்டி, மடியில் வாழைநார், ஒரு பக்கம் மல்லி, இன்னொரு பக்கம் கனகாம்பரம். எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டு கனகாம்பரத்துக்கு மட்டும் நிறத்தை விட்டுவைத்தேன். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் கூடப் படம் எடுக்கும் நண்பர்களிடம் காட்டினால், பழைய கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இந்த முறை அவ்வளவு மட்டமா? காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வெள்ளி உப்பு:
தம்பி, நல்ல படம் என்பதால்தான் வருத்தமாக இருக்கிறது. திறந்த உடனே என் கண் கனகாம்பரக் குவியலுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. பாட்டி நாரைச் சுண்டி இழுத்து முடிச்சுப் போடுகிற அந்த நொடியில்தானே படம் இருக்கிறது? அந்த விரல்களுக்கு நான் வந்து சேரவே நேரமாகிவிட்டது. கறுப்பு வெள்ளையில் கண் மெதுவாக நடக்கும், வெளிச்சம் எங்கே விழுகிறது, கைச் சுருக்கத்தில் நிழல் எப்படித் தங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். அதில் ஒரே ஒரு ஆரஞ்சைப் போட்டால் அந்த நடை நின்றுபோகிறது. ஒன்று முழுக்கக் கலர், இல்லையென்றால் முழுக்கக் கறுப்பு வெள்ளை, இதுதான் என் கருத்து.

ஆல்பம்காரர்:
நான் கோவையில் 14 வருடமாகக் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன், அதனால் இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. சார், கண்ணை இழுக்கிறது என்று குறை சொல்கிறீர்கள், இழுக்கத்தான் அதைச் செய்வதே. மண்டபத்தில் எடுத்த படத்தைப் பாருங்கள், பின்னால் ஊதா விளக்கு, ரோஸ் துணி, பிளாஸ்டிக் பூ, மாமாவின் கிளிப்பச்சைச் சட்டை, வீடியோக்காரரின் லைட், எல்லாம் சேர்ந்து பெண்ணின் முகத்தையே அமுக்கிவிடும். அத்தனையையும் வெளுத்துவிட்டு அரக்கு நிறக் கூறைப்புடவையை மட்டும் நிறத்தோடு வைத்தால், பெண்ணின் அம்மா அந்தப் பக்கத்தில் கையை வைத்து அப்படியே உட்கார்ந்திருப்பார். நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் புடவையை எடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கியது அவர்தான்.

வெள்ளி உப்பு:
அந்த அம்மாவுக்கு அது வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே புடவைக்கு ஒரு கதை இருக்கிறது. நிறத்தை விட்டுவைக்கிறவருக்கு அப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும். 1963ல் அகிரா குரோசாவா எடுத்த 'ஹை அண்ட் லோ' முழுக்கக் கறுப்பு வெள்ளை. பிள்ளையைக் கடத்தியவனுக்குக் கொடுக்கும் பணப்பையில் ஒரு பொடியை ஒளித்து வைக்கிறார்கள், பையை எரித்தால் ரோஸ் புகை வரும். பிறகு ஊருக்கு மேலே ஒரு புகைபோக்கியிலிருந்து அந்த ரோஸ் புகை எழும்புகிறது, படத்திலேயே நிறம் அந்த ஒரு இடத்தில்தான். துப்பு கிடைத்ததே நிறத்தால் என்பதால் நிறம் இல்லாமல் அந்தக் காட்சியே இல்லை. 1993ல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தின் சிவப்புக் கோட்டும் அப்படித்தான், கூட்டத்துக்குள் நடந்து போன சிறுமியின் கோட்டை அப்புறம் பிணவண்டியில் பார்க்கும்போது, யார் என்று நமக்குச் சொல்வது அந்தச் சிவப்புதான். கனகாம்பரம் இங்கே என்ன சொல்கிறது தம்பி? நான் ஆரஞ்சு என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

சாயப்பெட்டி:
அண்ணா, ஒரு விஷயம் விட்டுப்போகிறது. இதை ஏதோ ஃபோட்டோஷாப் வந்த பிறகு பிறந்த பழக்கம் மாதிரி பேசுகிறோம். எங்கள் தாத்தா ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டியவர். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, கன்னத்தில் லேசாக ரோஸ், உதட்டில் கொஞ்சம், நகைக்கு மஞ்சள், புடவைக் கரைக்கு ஒரு கோடு, அதோடு நிறுத்திவிடுவார். முகத்தின் மீதிப் பகுதியும் பின்னணியும் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் இன்றைக்கும் இப்படி வண்ணம் ஏற்றிய படங்களைப் பார்க்கலாம். இரண்டையும் கலப்பது நம் ஸ்டூடியோக்காரர்களுக்குப் பழகிய வேலை.

வெள்ளி உப்பு:
அந்தப் படங்கள் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் உங்கள் தாத்தா இல்லாத நிறத்தைச் சேர்த்தார். நாம் இருக்கிற நிறத்தை அழித்துவிட்டு ஒன்றை மட்டும் மிச்சம் வைக்கிறோம். இரண்டும் வேறு வேலை.

சாயப்பெட்டி:
வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எது முக்கியம் என்று ஒரு ஆள் முடிவு செய்வது இரண்டிலும் ஒன்றுதானே? புடவை என்ன நிறம் என்று வீட்டாரிடம் கேட்டு, ஒரு சீட்டில் 'மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை' என்று எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டி வைப்பாராம் தாத்தா. இறந்துபோனவர்களின் படத்துக்குக்கூட அப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார். அந்தச் சீட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்தவள் என்பதால், ஒரு படத்தில் ஒரே ஒரு நிறம் மட்டும் மிஞ்சியிருப்பதை மட்டமான வேலை என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

ஆல்பம்காரர்:
சரி, தம்பியின் படத்துக்கு வருவோம். முறை தப்பில்லை, செய்த விதத்தில்தான் தப்பு. நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், பூ ஆரஞ்சு, ஆனால் பூவைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல் நுனி சுத்தச் சாம்பல். நிஜத்தில் கனகாம்பரத்தின் நிறம் விரலில் பட்டுத் திரும்பும், அதைத் துடைத்துவிட்டதால்தான் பூ வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது. மாஸ்க்கில், அதாவது நிறம் எங்கே தெரிய வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்று குறிக்கும் மறைப்பில், அந்த இடத்தில் மென்மையான பிரஷை 20 சதவீதத்தில் வைத்து இரண்டு தடவு தடவினால் சரியாகிவிடும். அடுத்தது ஓரத்தில் பிசிறு. ஜேபெக்கில் வெளிச்சத் தகவல் ஒவ்வொரு புள்ளிக்கும் இருக்கும், நிறத் தகவலைப் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்றுதான் சேமிப்பார்கள். முழுக் கலர் படத்தில் அது தெரியாது, பக்கத்தில் சாம்பலை வைத்தவுடன் தெரிந்துவிடும். ரா ஃபைல், அதாவது கேமரா சுருக்காமல் அப்படியே பதிந்த கோப்பு, இருந்தால் அதிலிருந்து செய்யுங்கள், வாட்ஸப்பில் போய்வந்த படத்தில் செய்யவே செய்யாதீர்கள். அப்புறம், சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, பூஜ்யத்துக்கு இழுத்துத்தான் கறுப்பு வெள்ளை ஆக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், தோல் செத்துப்போயிருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 2007 முதல் கறுப்பு வெள்ளைக்கென்றே தனி லேயர் இருக்கிறது. அதில் சிவப்பு, மஞ்சள் இரண்டையும் கொஞ்சம் ஏற்றினால் பாட்டியின் முகத்தில் வெளிச்சம் வரும்.

வெள்ளி உப்பு:
கடைசியில் சொன்னீர்களே, அதோடு உடன்படுகிறேன். சாதாரணக் கணக்கில் பச்சைக்கு 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 சதவீதம் என்று எடை போட்டுத்தான் சாம்பல் ஆக்குவார்கள், அதனால் நல்ல சிவப்பெல்லாம் இருண்டு போகும். ஆனால் விரல் நுனியில் 20 சதவீதம் நிறம் ஏற்றுகிறீர்கள், அடுத்து நாரில் கொஞ்சம், மடியில் கொஞ்சம் என்று உண்மையாக இருக்கப் பார்த்தால் கடைசியில் முழுக் கலர் படத்துக்கே வந்து நிற்பீர்கள். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். இன்னொன்று, தம்பிக்குப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் கவனம். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான ஃபியாப்பின் விதிப்படி கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறத்தைச் சேர்த்தாலே அது கலர் படம், மோனோக்ரோம் என்கிற ஒற்றை நிறப் பிரிவில் சேராது. முழுப் படத்துக்கும் ஒரே நிறச் சாயல் கொடுத்து டோன் செய்தால் அது மோனோக்ரோமாகவே இருக்கும். தம்பி, மூலப் படத்தைப் போட முடியுமா?

பூச்சந்தை:
போட்டுவிட்டேன். பார்த்தால் உங்களுக்கே புரியும், பாட்டிக்குப் பின்னால் பெரிய நீலத் தார்பாய். அது உறுத்தியதால்தான் நிறத்தை எடுக்கவே ஆரம்பித்தேன், அப்புறம் கனகாம்பரம் மட்டும் நன்றாக இருந்தது, விட்டுவிட்டேன். காரணம் என்ன என்று வெள்ளி உப்பு சார் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் இதுதான்.

வெள்ளி உப்பு:
தார்பாய்தான் பிரச்சினை என்றால் நீலத்தை மட்டும் இறக்கியிருக்கலாமே. சாச்சுரேஷனில் நீலத்தை மைனஸ் 70 வைத்துப் பாருங்கள், கனகாம்பரமும் பிழைக்கும், விரலும் பிழைக்கும்.

ஆல்பம்காரர்:
அதுவும் ஒரு நிறத்தை எடுத்து இன்னொன்றை விடுவதுதானே சார். அளவில்தான் வித்தியாசம்.

பூச்சந்தை:
இரண்டையும் செய்து போனில் வைத்துக்கொண்டு இன்று காலை சந்தைக்கே போய்ப் பாட்டியிடம் காட்டினேன். கறுப்பு வெள்ளையை ரொம்ப நேரம் பார்த்தார். "கனகாம்பரம் நல்லாருக்கு. மல்லிக்குக் காம்புல பச்சையவே காணோமே, நேத்துப் பூவா இது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நீலத்தை இறக்கிய படத்தைத்தான் தனக்குப் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார்.

சாயப்பெட்டி:
பூ விற்கிறவர் பூவைத்தான் பார்ப்பார், அது அவர் நியாயம். தம்பி, மல்லிக் காம்பின் பச்சையையும் கனகாம்பரத்தையும் மட்டும் வைத்து மீதியைக் கறுப்பு வெள்ளையாக ஒன்று செய்து பாருங்களேன். தாத்தா இருந்திருந்தால் அந்த இரண்டு இடத்துக்குத்தான் பஞ்சைத் தொட்டிருப்பார் என்று தோன்றுகிறது.