கேட்டது ஒன்று, வந்த பதில் வேறு: மழுப்பல் பதிலை எங்கே பிடிப்பது?

வழக்காடி:
குறுக்கு விசாரணை பழகுகிறவர்கள் பிரான்ஸ்டன் வழக்கைக் கட்டாயம் படிக்க வேண்டும். சாமுவேல் பிரான்ஸ்டன் அமெரிக்கப் படத் தயாரிப்பாளர். கம்பெனி திவால் விசாரணையில், சத்தியப் பிரமாணம் எடுத்த பிறகு நடந்தது இது:

"சுவிஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா?"
"இல்லை."
"எப்போதாவது இருந்ததா?"
"கம்பெனிக்கு சூரிக்கில் ஆறு மாதம் போல இருந்தது."

அதற்கு முன்பு அவர் பெயரிலேயே ஜெனீவாவில் ஏறக்குறைய ஐந்து வருடம் கணக்கு இருந்திருக்கிறது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கீழ் நீதிமன்றம் பொய்சாட்சி என்று தண்டித்தது. 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ரத்து செய்தது. பதில் நழுவினால் விடாமல் கேட்டு வாங்க வேண்டியது வழக்கறிஞரின் பொறுப்பு என்றது. கேட்காமல் விட்டது ஒரே வரி: "கம்பெனியை விடுங்கள், உங்கள் சொந்தப் பெயரில்?"

தணிக்கையாளர்:
கேள்வியையும் பதிலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். யார், எது, எப்போது, எவ்வளவு: இந்த நான்கில் ஏதாவது மாறியிருந்தால் ஒளித்து வைத்தது அங்கேதான் இருக்கும். மேலே மாறியது 'யார்'.

தமிழில் இப்படி மழுப்புவது இன்னும் சுலபம், எழுவாயே இல்லாமல் வாக்கியம் நிற்கும். "பணம் கட்டியாச்சு" என்றால் கட்டியது யார், முழுத் தொகையா, எந்தத் தேதியில்? ரசீதைக் கேளுங்கள். "ஆவன செய்யப்படும்" என்பதில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. அதை ஏற்றுக்கொண்டு கோப்பை மூடவே கூடாது.

செய்தி மேசை:
பாதிக் குற்றம் கேட்கிறவர் மீதும் உண்டு. "தெரியுமா, தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை?" என்று இரண்டைச் சேர்த்துக் கேட்டால், வசதியான பாதிக்கு மட்டும் பதில் வரும். ஒரு முறைக்கு ஒரே கேள்வி. கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் நீள்கிறதே என்று நீங்களே விடை எடுத்துக் கொடுத்தால், "ஆமாம், அப்படித்தான்" என்று அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

வழக்காடி:
ஒன்று சேர்க்கிறேன். "எனக்குத் தெரிந்தவரை" என்று சொல்கிறவரெல்லாம் மழுப்புகிறவர் இல்லை. நேர்மையான சாட்சிகளும் அப்படித்தான் பேசுவார்கள். கேள்வியைக் குறுக்கிப் பாருங்கள். நேர்மையானவர் பதிலையும் குறுக்குவார், இல்லையென்றால் "தெரியாது" என்று முடிப்பார். மழுப்புகிறவர் பழைய வாக்கியத்தையே திரும்பச் சொல்வார். அப்போது அதே கேள்வியை, ஒரு சொல்லும் மாற்றாமல், மறுபடி கேட்டுப் பதிவில் ஏற்றுங்கள்.