எபிரேய ‘ரெஏம்’: காண்டாமிருகமா, காட்டெருதா?

கேள்வி (ஏடுதேடி):
பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் எண்ணாகமம் 23:22, உபாகமம் 33:17, யோபு 39:9 எல்லாவற்றிலும் ‘காண்டாமிருகம்’. புதிய ஆங்கிலப் பதிப்புகளில் காட்டெருது. மூலச்சொல் ‘ரெஏம்’ ஒன்றுதானே? எது சரி?

மணிநாவல்:
காட்டெருதுதான். உபாகமம் 33:17 ஒன்றே போதும். முதல் அடியில் தலையீற்றுக் காளை வருகிறது, அடுத்த அடியில் ரெஏமின் கொம்புகள். மிருகம் ஒருமை, கொம்புகள் பன்மை. இரட்டைக்கொம்புக் காண்டாமிருகம் இருக்கிறதே என்றால், அதற்கும் பதில் அங்கேயே உண்டு. அந்தக் கொம்புகளால் ஜனங்களை முட்டுவதைச் சொல்லும் வினை ‘நாகஃ’. யாத்திராகமம் 21:28இல் மாடு முட்டிக் கொன்றால் என்ன தண்டனை என்னும் சட்டத்திலும் இதே வினைதான்.

யோபு 39:9-10இல் கேள்வியே அது முன்னணையில் தங்குமா, ஏரில் பூட்டலாமா என்பது. வீட்டு எருதின் அடங்காத உறவுக்காரனைக் காட்டினால்தான் அந்தக் கிண்டல் உறைக்கும். சங்கீதம் 29:6இலும் கன்றுக்குட்டிக்கு இணையாகத்தான் வருகிறது.

எபிரேயத்துக்கு உறவான பழைய பாபிலோனிய மொழி அக்காடியத்தில் இதன் இணைச்சொல் ‘ரீமு’, காட்டெருது. பாபிலோனின் இஷ்தார் வாயிலில் செங்கல்லில் புடைத்து நிற்கும் காளைகள் இவையே. பக்கவாட்டில் வடித்திருப்பதால் கொம்பு ஒன்றாகத்தான் தெரியும்.

ஏடுதேடி:
அப்படியானால் காண்டாமிருகம் எங்கிருந்து நுழைந்தது?

கல்லெழுத்து:
பழைய ஏற்பாட்டின் பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவிலிருந்து. அதில் ‘மோனோகெரோஸ்’, ஒற்றைக்கொம்பன். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தா சில இடங்களில் ‘ரைனோசெரோஸ்’, அதாவது காண்டாமிருகம் என்றும், சங்கீதங்களில் ‘யூனிகோர்னிஸ்’, அதாவது ஒற்றைக்கொம்பன் என்றும் போட்டது. 1611 ஆங்கிலப் பதிப்பு ‘யூனிகார்ன்’ என்று எழுதி, ஏசாயா 34:7இன் ஓரக்குறிப்பில் மட்டும் காண்டாமிருகத்தையும் தந்தது. 1885 திருத்தப் பதிப்பில் காட்டெருது வந்துவிட்டது. அந்த இனத்தின் கடைசி மாடு போலந்தில் 1627இல் செத்தது. கண்ணால் பார்க்க முடியாத மிருகத்துக்குப் பெயர் வைப்பது லேசான வேலையில்லை.

அரபியில் ‘ரிம்’ என்பது வெண்மான் வகை. அதை வைத்து ரெஏமும் மான்தான் என்பாரும் உண்டு. ஏரில் பூட்டும் பேச்சுக்கு அது ஒட்டவில்லை.

மணிநாவல்:
நீங்களே சரிபார்க்க: பைபிளின் ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் ஸ்ட்ராங் அகராதி தரும் எண் உண்டு; ரெஏமின் எண் 7214ஐப் போட்டுத் தேடுங்கள், 9 இடங்கள் வரும். எபிரேய எழுத்தைத் தட்டித் தேடினால் சில நழுவும். யோபு 39இலும் சங்கீதம் 22இலும் நடுவிலுள்ள ‘ஆலெஃப்’ என்ற எழுத்து இல்லாமல் எழுதியிருக்கிறது. வசன எண்ணையும் கவனியுங்கள். எபிரேயத்தில் சங்கீதத் தலைப்பு தனி வசனமாக வந்தால் எண் ஒன்று கூடும்: நம் 22:21 அங்கே 22:22, 92:10 அங்கே 92:11.

தமிழில் ‘காட்டெருமை’ என்று போடாதீர்கள். எருமை இனமே வேறு, போதாததற்கு நம் மலைக்காட்டு மாட்டையும் அப்படித்தான் சொல்கிறோம். ‘காட்டெருது’ போதும்.