பெங்களூரில் இருந்துகொண்டு எதை வாங்குவது: 911 டர்போ எஸ்ஸா, ஜிடி3-ஆ?

ஒயிட்ஃபீல்ட்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் ஒரு போர்ஷே 911 வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. எந்த 911 என்பதில்தான் மூன்று மாதங்களாக மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. இங்கே நான் பார்த்துவிட்டு வந்த இரண்டுமே 911-இன் 992 என்ற தலைமுறையின் முதல் வடிவத்தைச் சேர்ந்த, ஒரு கை மாறிய வண்டிகள். ஒன்று டர்போ எஸ். மற்றொன்று ஆறு கியர் மேனுவல் கொண்ட ஜிடி3. விலை வேறுபாட்டைச் சமாளித்துவிடலாம், ஆகவே அதை விட்டுவிடுவோம்.

பெற்றோர் வாணியம்பாடியில் இருப்பதால் மாதம் இருமுறை அங்கே போய்வருகிறேன். எப்போதாவது ஞாயிறு விடியலில் நந்தி மலைப் பக்கம் போவதுண்டு. இவற்றோடு, ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எண்பதுகளின் நடுவில் அப்பா என்னைச் சோழவரம் பந்தயத்துக்குத் தோளில் தூக்கிப் போனார். அந்தப் பழைய விமான ஓடுதளத்தின் வெயிலும், கார்கள் கடக்கும்போது நெஞ்செலும்பில் வந்து மோதிய சத்தமும் இன்னும் எனக்குள் இருக்கின்றன. ஜிடி3-இன் எஞ்சினைக் கேட்டபோது அதே இடத்தில்தான் மோதியது. ஆனால் ஒன்பது வயது மகள் பின்னால் உட்கார இடமிருக்கிறதா என்று கேட்கிறாள். இரண்டையும் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

காவிரிக்கரை எழுதுகிறார்:

ஐயா, ஏழு ஆண்டுகளாக ஒரு 911 டர்போவைப் பெங்களூரிலேயே ஓட்டிவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த ஊருக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது; வெளிநாட்டு விமர்சனங்களை மட்டும் படிப்பவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். நாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் வாழ்கிறோம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைவு. ஜிடி3-இன் நான்கு லிட்டர் எஞ்சின் டர்போவின் (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) துணையின்றித் தானே காற்றை இழுப்பது. ஆகவே 510 குதிரைத்திறன் என்று ஏட்டில் உள்ள அந்த எஞ்சின், ஒயிட்ஃபீல்டில் 460-ஐ ஒட்டித்தான் தரும். டர்போ எஸ்ஸின் 3.7 லிட்டர் எஞ்சினிலோ, காற்று மெலிந்தால் டர்போவின் சக்கரங்கள் இன்னும் வேகமாகச் சுழன்று குறையை ஈடுகட்டிவிடுகின்றன. 650 குதிரைத்திறனும் 800 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் இங்கேயும் பெரும்பாலும் குறையாமல் கிடைக்கும்.

பழைய டர்போ வண்டிகளில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது உண்மைதான். 2006-இல் வந்த 997 என்ற முந்தைய தலைமுறை 911 டர்போ முதல், வெளியேறும் புகை சக்கரத்தில் பாயும் கோணத்தையே மாற்றும் அசையும் இறகுகளைப் பொருத்துகிறார்கள். அதனால் குறைந்த சுற்றிலும் எஞ்சின் உடனே பதில் சொல்கிறது. கிருஷ்ணகிரி தாண்டி ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் கியரைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மே மாதத்தில் மாலை நான்கு மணிக்கு இடித்துக்கொண்டு பெய்யும் மழையில், வர்த்தூர் சாலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியில் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை அனுபவித்தவன் நான். ஜிடி3-இல் பலர் போட்டு ஓட்டும் தடத்துக்குரிய டயர்களில் பள்ளங்கள் ஆழமில்லாதவை. தேங்கிய நீரில் அவை மிதக்கத் தொடங்கிவிடும். மேலும் டர்போவில் பின்னால் இரண்டு சிறிய இருக்கைகள் உண்டு. ஒன்பது வயதுக் குழந்தை வாணியம்பாடி வரை தாராளமாக உட்கார்ந்து வரலாம்.

சிஒன் எழுதுகிறார்:

அண்ணா, நான் இந்திராநகரில் இருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக ஆண்டுக்கு ஐந்து முறையாவது இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுகிறேன். காவிரிக்கரை அவர்கள் சொன்ன காற்றழுத்தக் கணக்கு முற்றிலும் சரி. அதை இன்னும் முந்நூறு கிலோமீட்டர் நீட்டிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பந்தயத் தடம் இருப்பது பீடபூமியில் அல்ல, சென்னைக்கு அருகே, கடல் மட்டத்தை ஒட்டி. இங்கிருந்து புறப்பட்ட ஜிடி3, மலைச்சரிவு இறங்கி வேலூர் தாண்டிய பிறகு முழு மூச்சு விடத் தொடங்கும். (சென்னை வெயில் காற்றை மெலியச் செய்து அதில் ஓரளவைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்; அதனால் டிசம்பர், ஜனவரி நாள்களைத் தேர்ந்தெடுங்கள்.)

அந்த 3.7 கிலோமீட்டர்த் தடத்தில் நேர்பாதையின் முடிவில் சி1 என்ற வேகமான வலது வளைவு வருகிறது. அங்கே பிரேக்கைப் பிடிக்கும் நொடியில்தான் இந்த இரண்டு வண்டிகளும் வேறு வேறு பிறவிகள் என்பது தெரியும். மேனுவல் ஜிடி3 1,418 கிலோ. டர்போ எஸ் 1,640 கிலோ. அந்த 220 கிலோவை ஒவ்வொரு சுற்றிலும், ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தித் திருப்ப வேண்டும். ஜிடி3-இன் முன்பக்கத்தில் இரட்டை விஷ்போன் அமைப்பு (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் சஸ்பென்ஷன்) இருக்கிறது; சாலையில் ஓடும் 911 ஒன்றுக்கு அது கிடைத்தது இதில்தான் முதல் முறை. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன் டயர்கள் தரையைக் கவ்வுவது உள்ளங்கையில் தெரிகிறது. டர்போவில் வேகம் தானாக வந்துசேர்கிறது, ஜிடி3-இல் அதை நாம் சுற்றுக்குச் சுற்று ஈட்டுகிறோம். நான்காவது சுற்றில் ஒரு வளைவைச் சரியாக எடுத்தால் அது நான் எடுத்தது என்ற நிறைவு இருக்கிறதே, அதற்காகத்தான் நான் முந்நூறு கிலோமீட்டர் போகிறேன்.

ஆனாலும் உங்களுக்கு அதையே வாங்குங்கள் என்று சொல்லத் தயங்குகிறேன். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்பதுதான் அந்த எஞ்சினின் உயிர். சாலையில் அதை முதல் கியரில்தான் எட்ட முடியும். இரண்டாவது கியர் முடிவதற்குள் நெடுஞ்சாலையின் வேக வரம்பு வந்துவிடும். நீங்கள் தேடும் சோழவரத்துச் சத்தம் தடத்தில் மட்டும்தான் முழுமையாகக் கிடைக்கும். ஆகவே ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்: சென்ற இரண்டு ஆண்டுகளில், இப்போது உள்ள காரை எடுத்துக்கொண்டு எத்தனை முறை தடத்துக்குப் போனீர்கள்?

பழையபணிமனை எழுதுகிறார்:

தம்பி, எஞ்சின் வேலையில் முப்பது ஆண்டுகள் கழித்தவன். எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

மேனுவல் ஜிடி3 என்றால், எஞ்சின் கணினியில் பதிவாகியிருக்கும் மிகைச்சுற்று அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் எத்தனை முறை எல்லை மீறிச் சுழன்றது என்பதை அது அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டும். கீழ் அடுக்குகளில் சில பதிவுகள் இருந்தால் கவலை வேண்டாம். மேல் அடுக்குகளில் இருந்தால், யாரோ ஐந்தாவதுக்குப் போக வேண்டிய இடத்தில் மூன்றாவதில் போட்டுக் கிளட்சை விட்டிருக்கிறார் என்று பொருள். அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

டர்போ எஸ்ஸில் பீங்கான் பிரேக் தட்டுகள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. சாலையில் அவை மிக நெடுங்காலம் உழைக்கும். தடத்தில் தேய்ந்தால் மாற்றும் செலவு பல லட்சம். ஜிடி3-இல் இரும்புத் தட்டுகளே இயல்பாக வருபவை. தடத்தில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் விரும்புவதும் அவற்றைத்தான்.

பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். என் காருக்கு ஒரு பணிமனையில் திரவத்தை மாற்றியதாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள். தடத்தில் மூன்றாவது சுற்றில் மிதி ஈரப் பஞ்சுபோல் உள்ளே போனது. கியரைக் குறைத்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். திறந்து பார்த்தால் தேயிலை நிறத்தில் பழைய திரவம். மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

மற்றொன்று காப்பீடு. பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றின்போது ஏற்படும் சேதத்தை நம் நாட்டு வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பதில்லை. தடத்தில் வண்டியைச் சுவரில் சாய்த்தால் முழுச் செலவும் உங்களுடையதுதான் என்று கணக்கிட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

ஒயிட்ஃபீல்ட்வாசி எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிஒன் அவர்களின் கேள்விக்குப் பதில்: ஒரு முறைகூடப் போகவில்லை. இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். வாணியம்பாடிக்கு இந்த இரண்டு ஆண்டுகளில் ஐம்பது முறை போயிருப்பேன்.

நேற்று இரண்டு வண்டிகளையும் எங்கள் குடியிருப்பின் அடித்தளச் சரிவு வழியாக இறக்கிப் பார்க்க விற்பவர்கள் ஒப்புக்கொண்டார்கள். சரிவு முடியும் மடிப்பில் ஜிடி3-இன் முன் உதடு (பம்பரின் கீழ் விளிம்பு) உரசியது. மூக்கை உயர்த்தும் வசதி இந்த வண்டியில் பொருத்தப்படவில்லை. குனிந்து பார்த்தால் சிமெண்டில் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. டர்போ எஸ் மெல்ல இறங்கி நின்றது. மகள் பின்னால் ஏறி முழங்கால்களை ஒருபுறமாக மடித்துக்கொண்டு, வாணியம்பாடி வரை இப்படியே வருவேன் என்றாள். டர்போ எஸ்ஸுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தை நான் விடவில்லை. டிசம்பரில் ஒரு நாள், இப்போது உள்ள காரை விற்பதற்கு முன் அதிலேயே இருங்காட்டுக்கோட்டைக்கு வர நினைக்கிறேன். புதுத் திரவம் மாற்றும்போது பக்கத்தில் நிற்பேன். அப்பாவையும் அழைத்து வரலாமா?

சிஒன் எழுதுகிறார்:

கட்டாயம் அழைத்து வாருங்கள் அண்ணா. பார்வையாளர் பகுதியில் நிழல் குறைவு. அவருக்கு ஒரு நாற்காலியும் குடையும் நான் எடுத்து வருகிறேன். நீங்கள் தலைக்கவசமும், பருத்தியில் முழுக்கைச் சட்டையும், மூடிய காலணியும் மறக்காமல் கொண்டுவாருங்கள். முதல் மூன்று சுற்றுகள் நான் முன்னால் ஓட்டிப் பாதை காட்டுகிறேன்.